மாட்டுக் கொட்டாயில ஏரோப்ளேன்

குந்து தம்பி. நாற்காலி வாணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். திண்ணையிலயே குந்து.

மாட்டுக் கொட்டாயை வாடகைக்குக் கேட்டியாமே, பேத்தி சொல்லிச்சு. காரு வெக்கக் கேக்கறியோன்னு நெனச்சேன். ஏரோப்ளேன் கட்டப் போறியாம்! லிப்டு அஞ்சு நிமிஷம் நின்னுட்டா அபார்ட்மென்ட் வாட்சப்புல அழுவுற ஆளு நீ. இப்ப ஒத்தை என்ஜினை நம்பி ஆகாசத்துக்குக் கெளம்பறே. போ, யாரு தடுத்தா? கொட்டாய் காலியாத்தான் கெடக்குது. கடைசி மாட்டை வித்து ஏழு வருஷம் ஆச்சு. ஆனா சாவி குடுக்கறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் பேசணும். இந்த ஊர்ல வாடகை கெடைக்கும், பேச ஆளு கெடைக்க மாட்டான். எல்லாரும் காதுல எதையாவது சொருவிக்கினு போறான்.

நீ ஒண்ணும் உலகத்துலயே புதுசா செய்யலன்னு மொதல்ல தெரிஞ்சிக்கோ. மவுன்ட் ரோட்டுல ஓட்டல் நடத்தினாரு ஒருத்தரு, ஜியாகோமோ தி ஏஞ்சலிஸ்னு பேரு, கார்சிகா தீவுக்காரரு. தானே படம் வரைஞ்சு, சிம்ப்சன் கம்பெனி பட்டறையில குடுத்து ஒரு ப்ளேன் செஞ்சாரு. குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிக்கினு இருந்த பட்டறை அது. அதுல சின்னதா ஒரு என்ஜினை மாட்டிக்கினு 1910 மார்ச்சுல பல்லாவரத்துல பறந்து காட்டினாரு. அப்ப பல்லாவரமும் நம்ம செங்கல்பட்டு ஜில்லாதான், ஆக நம்ம ஆளுன்னே வெச்சுக்கோ. அதுக்கு ஆறு வருஷம் முந்தி பறந்த ரைட் அண்ணன் தம்பிங்க சைக்கிள் கடைக்காரனுங்க. அவங்களுக்கு 12 குதிரை சக்தி என்ஜினைக் கடை மெக்கானிக்கு சார்லி டெய்லர்தான் செஞ்சு குடுத்தான். ஓட்டல்காரன் பறந்துட்டான், சைக்கிள் கடைக்காரன் பறந்துட்டான், சாப்ட்வேர்காரன் மட்டும் தரையில கெடக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?

நம்ம காலத்துலயும் ஆளு இல்லாம இல்ல. மும்பையில அமோல் யாதவ்னு ஒரு பைலட்டு, காந்திவலியில மொட்டை மாடியில ஆறு பேரு போற ப்ளேனைக் கட்டினாரு. வத்தல் காய வெக்கிற எடத்துல ரெக்கை! 2016ல கண்காட்சிக்குக் கொண்டு போக அதைப் பிரிச்சுக் கீழ எறக்கினாங்க. அப்பால கவர்மென்ட்டு நம்பர் குடுக்க 2017 நவம்பர் ஆச்சு. கட்டறதை விட கையெழுத்து வாங்கறது பெரிய வேலை, அதையும் கணக்குல சேத்துக்கோ. தொடுபுழா பக்கம் சஜி தாமஸ்னு ஒருத்தரு, காதும் கேக்காது, பேச்சும் வராது. அவரு செஞ்ச சின்ன ப்ளேன் நம்ம திருநெல்வேலி மணிமுத்தாறுலதான் ஏறிச்சு. இன்னொரு மலையாளத்துக்காரரு, அசோக் தாமரக்ஷன், லண்டன் பக்கம் கொரோனா ஊரடங்குல வூட்டுல அடைஞ்சு கெடந்த நேரத்துல ஒரு லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு செலவுல நாலு சீட்டு ப்ளேனைப் பூட்டி, பொண்ணு பேரை அதுக்கு வெச்சாரு. ஊரடங்குல நீ என்னா பண்ணே? புளிச்ச மாவுல ரொட்டி சுட்டுப் படம் போட்டே.

இதெல்லாம் பறந்த கதை. ப்ளேனைப் பாகம் பாகமா கிட்டுன்னு விக்கிறவன் உனக்கு இதைத்தான் காட்டியிருப்பான். நான் நின்னு போன கதையைச் சொல்றேன், அதுலதான் எனக்கு அனுபவம். நாவலூர்ல இருந்து தையூர் வரைக்கும் முப்பது வருஷம் பம்புசெட்டு ரிப்பேரு பாத்தவன் நான். இந்த ஓ.எம்.ஆர்.ல கண்ணாடிக் கட்டடம் முளைக்கறதுக்கு முன்னாடி மோட்டார் கொட்டாய்தான் முளைச்சிருந்துச்சு. பாதி ராத்திரி ஆள் அனுப்புவாங்க: "என்ஜின் நின்னு போச்சு, பயிரு காயுது, வா." போய்ப் பாத்தா என்ஜின் ராசா மாதிரி இருக்கும். டீசல் குழாயில காத்துப் பிடிச்சிருக்கும். இல்ல, வடிகட்டியில சேறு. இல்ல, ஓசு கிளிப்பு எட்டணா பெறாதது தளர்ந்திருக்கும். என்ஜினைக் குத்தம் சொல்றது மாமியாரைக் குத்தம் சொல்ற மாதிரி. சுலபமா இருக்கும், பாதி நேரம் பொய்யாவும் இருக்கும்.

ஒரு தடவை எனக்கே நடந்துச்சு. என் மொபெட்டு கேளம்பாக்கம் போறதுக்குள்ள மூணு தடவை நின்னுச்சு. கொஞ்ச நேரம் விட்டு உதைச்சா கெளம்பும், அப்பால மறுபடி நிக்கும். ப்ளக்கை மாத்தினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், சாமிக்குக் கூட வேண்டிக்கினேன். கடைசியில பாத்தா டேங்க் மூடியில ஊசி கனத்துல ஒரு ஓட்டை இருக்குமில்ல, அதுல இந்தப் பேத்தி, அப்ப ஆறு வயசு, மெழுகை உருக்கி ஊத்தி வெச்சிருக்குது. பெட்ரோல் எறங்க எறங்க உள்ள காத்துப் போவணும். போவலன்னா பெட்ரோல் எறங்காது. அதே பேத்திதான் இப்ப ஏரோநாட்டிக்கல் படிக்குது. மொத ஆராய்ச்சியை என் வண்டியிலதான் பண்ணிச்சு.

ப்ளேனுக்கும் அதே ஓட்டை உண்டாம். ஆனா அங்க மெழுகு ஊத்தப் பேத்தி வேணாம், குளவி போதும். நம்மூர்ல சாவித் துவாரத்தையே ரெண்டு நாளு விட்டா மண்ணு வெச்சு அடைச்சுட்டுப் போற சாதி அது. என் கொட்டாயில எத்தனை குளவி இருக்குதுன்னு தெரியுமா? வாடகையில அதையும் சேத்துத்தான் தரேன். நீ சாயங்காலம் மீட்டிங்கு, வெள்ளிக்கெழமை பார்ட்டின்னு ரெண்டு வாரம் வரலன்னா உன் காத்துக் குழாய்ல அது குடும்பம் நடத்தும்.

சரி, இப்ப ஒரு பாட்டுக்காரன் கதை கேளு. பேத்தி படிச்சுக் காட்டிச்சு, நான் ரெண்டு நாளு தூங்கல. ஜான் டென்வர்னு அமெரிக்காவுல பெரிய பாடகன். 1997 அக்டோபர் 12ம் தேதி, கலிபோர்னியாவுல மான்டரேன்ற ஊர்ல, கடலு ஓரமா, லாங்-ஈசின்ற வீட்டுக் கட்டுமான ப்ளேனை ஓட்டிக்கினு போனான். அவன் கட்டினது இல்ல, எவனோ கட்டினதைக் கை மாத்தி வாங்கினது. ரெண்டு பக்கமும் டேங்கு. ஒண்ணு தீர்ந்தா இன்னொண்ணுக்கு மாத்த ஒரு திருவு. நம்ம மொபெட்டுல ரிசர்வ் போடற மாதிரின்னு வெச்சுக்கோயேன். ஓடற வண்டியிலயே குனியாம, ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம, எடது கையால சட்டுனு திருப்புவோமே, அது. அசல் வரைபடத்துல அந்தத் திருவு ஓட்டுறவன் ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்குது. கட்டினவன் யோசிச்சான்: ஆள் உக்கார்ற எடத்துல பெட்ரோல் குழாய் போனா ஆபத்தாச்சே. நல்ல எண்ணந்தான். அதனால திருவைக் கொண்டு போய் ஓட்டுறவன் எடது தோளுக்குப் பின்னாடி மாட்டிட்டான். எந்தப் பக்கம் திருப்பினா எந்த டேங்குன்னு குறியும் இல்ல. பெட்ரோல் அளவு பாக்கற கண்ணாடியும் முதுகுப் பக்கம்.

இப்ப நீ திண்ணையில குந்தினே இருக்கே, எடது தோளுக்குப் பின்னாடி இருக்கிற அந்த ஆணியை வலது கையால தொடு பாக்கலாம். தொடேன். பாத்தியா, ஒடம்பு முழுக்கத் திரும்புது. அது மட்டுமில்ல, உன் வலது காலைப் பாரு, தானா நீட்டிக்கினு தரையை அழுத்துது. ப்ளேன்ல அந்தக் காலுக்குக் கீழ மூக்கைத் திருப்பற ரடர் பெடல் இருக்கும். ஓட்டுற குச்சியையும் அந்த வலது கையாலதான் பிடிக்கணும். அதை விட்டாத்தானே திருவைத் தொட முடியும்.

அதுவும் இறுகிப் போன திருவாம். கெளம்பறதுக்கு முன்னாடி அங்க இருந்த மெக்கானிக்கும் அவனும் அதைப் பத்திப் பேசியிருக்காங்க. குறடு போட்டுப் பாத்திருக்காங்க, முதுகுப் பக்கத்து அளவைப் பாக்க ஒரு மூஞ்சி பாக்கற கண்ணாடியைப் பிடிச்சுப் பாத்திருக்காங்க. பெட்ரோல் போடவான்னு கேட்டதுக்கு, கொஞ்ச நேரந்தான் பறப்பேன், வேணாம்னுட்டான். சில நூறு அடி ஒயரத்துல ஒரு டேங்கு தீர்ந்துச்சு, கையைப் பின்னாடி நீட்டினான், ப்ளேன் கடல்ல விழுந்துச்சு. விசாரிச்சவங்க என்ஜினைக் குத்தம் சொல்லல. திருவை மாத்திக் கொண்டு போய் எட்டாத எடத்துல வெச்சதையும், குறி போடாததையும், கெளம்பறதுக்கு முன்னாடி பெட்ரோலைச் சரியாப் பாக்காததையும், அந்த ப்ளேன்ல போதுமான பழக்கம் இல்லாததையும் எழுதி வெச்சாங்க. மூஞ்சி பாக்கற கண்ணாடியை வெச்சுத்தான் பெட்ரோல் பாக்கணும்ன்ற நெலமை வந்தப்பவே கீழ எறங்கி டீ குடிக்கப் போயிருக்கணும். நான் சொன்னா கேக்கறதுக்கு அவன் நாவலூர்லயா இருந்தான்?

நீ பெரிய டிசைன் ஆளாச்சே. வேலையில பட்டனை எங்க வெக்கிறதுன்னு ஆறு மாசம் சண்டை போடுவீங்களாமே, உன் வூட்டம்மா சொல்லிச்சு. அந்தச் சண்டையை இங்க போடு. வரைஞ்சவன் வெச்ச எடத்துல இருந்து எதை நகத்தறதா இருந்தாலும், கண்ணை மூடிக்கினு இருட்டுல தொட்டுப் பாரு.

அப்பால பெட்ரோல். ஏரோப்ளேன் பெட்ரோல் வெல ஜாஸ்தி, கீழ பங்க்ல போடற பெட்ரோலே போதும்னு உன் கிட்டு புஸ்தகத்துல போட்டிருக்குது, சரிதான். ஆனா அந்தப் புஸ்தகம் எழுதினவனுக்கு நம்ம பங்க் தெரியாது. 2025ல இருந்து நம்ம பெட்ரோல்ல நூத்துக்கு 20 பங்கு எத்தனால். அதாவது கரும்புலயும் சோளத்துலயும் எடுத்த சாராயம். நீ வாங்க நெனைக்கிற ரோட்டாக்ஸ் 912 என்ஜினுக்கு 10 பங்கு வரைக்கும்தான் ஒத்துக்கும்னு கம்பெனிக்காரனே சொல்றான். மீதி 10 பங்கு எங்க போவும்? ரப்பர் ஓசை ஊற வெக்கப் போவும், பிசினைக் கரைக்கப் போவும். சாராயத்துக்கும் தண்ணிக்கும் உள்ள ஒறவு உனக்குத் தெரியாததா? முட்டுக்காடு பக்கம் இருந்து வர்ற ஈரக்காத்துல இருந்து தண்ணியை இழுத்துச் சேத்துக்கும். தண்ணி ஓரளவு தாண்டிச்சுன்னா ரெண்டும் ஜோடி போட்டுக்கினு பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில போய்ப் படுத்துக்கும். குழாய் உறிஞ்சறது எங்கன்னு பாத்தா, அதே அடியிலதான். அதனால கெளம்பறதுக்கு முன்னாடி அடி வால்வுல கொஞ்சம் பிடிச்சு வெளிச்சத்துல பாக்கணும். பிடிச்சதைத் திருப்பி டேங்க்லயே ஊத்தற புத்திசாலியும் இருக்கான்.

இன்னொண்ணு சொன்னா சிரிப்பே. கத்திரி வெயிலு முடிஞ்சு மொத மழை பெஞ்ச அன்னிக்கு, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும்போது, என்ஜினுக்குள்ள ஐஸ் பிடிக்கும். சிரி, சிரி. மண்பானைத் தண்ணி ஏன் சில்லுன்னு இருக்குது? கசிஞ்ச தண்ணி ஆவியாப் போவுறப்ப சூட்டை எடுத்துக்கினு போவுது. கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாவும்போதும் அதேதான், கூடவே குறுகின வாயில காத்து வேகமாப் போறப்ப இன்னும் குளுரும். உள்ள 20 டிகிரிக்கு மேல எறங்கிடும். வெளியில 25 டிகிரின்னா உள்ள கணக்குப் போட்டுக்கோ. காத்துல இருக்கிற ஈரம் அங்க ஐஸாப் படிஞ்சு தொண்டையை அடைக்கும். என்ஜின் மெல்ல மெல்ல சோர்ந்து போவும். எறங்கறதுக்கு வேகத்தைக் கொறைக்கிறப்ப இன்னும் மோசம். அதுக்கு மருந்து, சைலன்சர் பக்கத்துச் சூடான காத்தை உள்ள விடறது. ஆனா சூடு விட்டதும் ஐஸ் உருகித் தண்ணியா உள்ள போயி என்ஜின் மொதல்ல இன்னும் பலமா இருமும். "ஐயய்யோ, மோசமாவுதே"ன்னு புதுசா ஓட்டறவன் சூட்டை நிறுத்திடுவான். கஷாயம் குடிச்சதும் குமட்டுதுன்னு பாதியில துப்புற பய மாதிரி. இன்ஜெக்ஷன் என்ஜின் வாங்கினா இந்தத் தொல்லை இல்லைன்றே. இல்லதான். ஆனா அதுக்குக் கரன்ட் வேணும். கரன்ட்டை நம்பறியா நீ? ரெண்டாவது பேட்டரி எங்க வெப்பேன்னு சொல்லு, அப்பால பேசலாம்.

பழைய கார் என்ஜினைப் போட்டா மலிவுன்னு இன்னொரு யோசனை வெச்சிருக்கியாமே. காரு என்ஜின் ரோட்டுல பாதி பலத்தைக் கூடப் போடறது இல்ல. சிறுசேரி சிக்னல்ல நின்னு நின்னு போற சொகுசுக்காரன் அது. ஏறும்போது முழு பலம், மேல போனாலும் முக்காப் பலம், மணிக்கணக்குல ஓயாம போடுன்னா, கல்யாண ஊர்வலக் குதிரையைக் கொண்டு வந்து ஏர்ல பூட்டின கதைதான். பூட்டி ஓட்டறவனும் இருக்கான், நான் இல்லைன்னு சொல்லல. தண்ணி எப்படி ஆறும், பல்சக்கரப் பெட்டி எப்படித் தாங்கும்னு அவனுக்குத் தூக்கம் போயிருக்கும். உனக்கு ஏற்கெனவே தூக்கம் இல்ல, பத்தாவது மாடியில ராத்திரி ரெண்டு மணிக்கும் லைட்டு எரியுது.

அமெரிக்காவுல 2011ல மட்டும் இந்த மாதிரி வூட்டுல கட்டின ப்ளேனுல 224 விபத்தாம். அவங்க பாதுகாப்பு வாரியம் உக்காந்து கணக்குப் பாத்து 2012ல சொல்லிச்சு: என்ஜின் பலம் போறதும், ஓட்டுறவன் கையை விட்டுப் போறதும்தான் பெரிய காரணம், அதுவும் ப்ளேனு புதுசா இருக்கிற காலத்துலதான் ஜாஸ்தி. மொதத் தடவை பறக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் குழாயைச் சோதிச்சுக் காட்டுன்னு கேட்டாங்க. இதுக்கு அமெரிக்கா வேணுமா? வாளியைக் கெணத்துல எறக்கறதுக்கு முன்னாடி ஓட்டை பாக்காதவன் எவன்? சோதனையும் ரொம்பச் சின்னது. ப்ளேன் மூக்கைத் தூக்கி, ஏறும்போது எப்படி நிக்குமோ அப்படி நிறுத்து. டேங்க்ல கொஞ்சமா பெட்ரோல் விடு. கார்புரேட்டர் கிட்ட குழாயைக் கழட்டி அளவு ஜாடியில பிடி. முழு வேகத்துல மணிக்கு 26 லிட்டர் குடிக்கிற என்ஜினா, மேல இருந்து தானா வழியிற குழாயில அந்தக் கணக்குக்கு 39 லிட்டர் வரணும். ஒண்ணரை மடங்கு. பம்பு வெச்சிருந்தா ஒண்ணே கால் மடங்கு. நேரம் பாக்க உன் கையில கட்டியிருக்கியே, தூங்கினியான்னு கேக்கற வாட்சு, அது போதும். இதைச் செய்யற அன்னிக்கு மட்டும் பீடி பிடிக்கிறவன் எவனும் கொட்டாய்ப் பக்கம் வரக் கூடாது. நான் உள்பட.

எல்லாம் பாத்தும் நிக்கும். நின்னா என்னா பண்ணுவே? அதைச் சொல்லு.

"திரும்பி ரன்வேக்கே வந்துடுவேன்"னு சொன்னியாமே பேத்தி கிட்ட. அந்தப் பொண்ணு அன்னிக்கு சோறு சாப்பிடல. ஏறிக்கினு இருக்கிறப்ப ஐந்நூறு அடியில நின்னா மூக்கை உடனே கீழ விட்டு, எதிர்ல என்னா இருக்குதோ அதுலதான் எறங்கணும். கொஞ்சம் எடது, கொஞ்சம் வலது, அவ்ளோதான். திருப்பினா என்னாவும்? 45 டிகிரி சாஞ்சு திரும்பினா, விழாம மெதக்கறதுக்கு வேணும்ன்ற வேகம் நூத்துக்கு 19 பங்கு ஏறும், 60 டிகிரின்னா 41 பங்கு. என்ஜினும் இல்லாம வேகத்துக்கு எங்க போவே? இன்னும் நல்லா திருப்பலாம்னு இழுப்பே, ஒரு ரெக்கை தொங்கும், அதோட சரி. நூல் அறுந்த காத்தாடி கூட அதை விட மரியாதையா எறங்கும்.

கம்பெனி ப்ளேன் ஓட்டறவனுக்கும் இந்தத் திரும்பற ஆசை வரும், ஆனா உனக்குத்தான் ஜாஸ்தி வரும். ஏன்னா அஞ்சு வருஷம் ராத்திரி ராத்திரி ஆணி அடிச்சிருப்பே. பொண்டாட்டி திட்டு வாங்கியிருப்பே. பேங்க்ல கடன் பாக்கி இருக்கும். பெயின்ட்டு வாசனை கூடப் போயிருக்காது. அதைக் கொண்டு போய்க் கருவேல முள்ளுல எறக்க மனசு வருமா? ரெக்கை உடையட்டும்டான்னு விட முடியுமா? அங்கதான் தம்பி, என்ஜின் நிக்கிறதுக்கும் ஆளு சாவறதுக்கும் நடுவுல இருக்கிற எடம். கட்டறப்பவே ஒரு நாளு சாயங்காலம் அதுக்கு முன்னாடி நின்னு, "உன்னை உடைப்பேன்"னு சொல்லிப் பழகு. என் மாடுங்க கேட்ட திட்டுக்கு அது ஒண்ணும் பெரிசு இல்ல.

2025 நவம்பர் 13ம் தேதி புதுக்கோட்டை ரோட்டுல, கீரனூர் பக்கம், பயிற்சி ப்ளேனு ஒண்ணு கோளாறு ஆகி நடு ஹைவேயில எறங்குச்சே, ஞாபகம் இருக்குதா? மூக்கு நசுங்கிச்சு, உள்ள இருந்தவங்க நடந்து வந்தாங்க. நசுங்கட்டும், மூக்கு வேற வாங்கலாம். மறுநாளே, 14ம் தேதி, நம்ம திருப்போரூர் பக்கத்துல தாம்பரம் விமானப்படை பயிற்சி ப்ளேனு விழுந்துச்சு. காரணத்தை அவங்க விசாரிச்சுப்பாங்க, அது நம்ம வேலை இல்ல. ஆனா அந்தப் பையன் சீட்டோட வெளிய பாய்ஞ்சு குடை பிடிச்சு எறங்கிட்டான். உன் கிட்டுல அந்த சீட்டு வருதா? வராது. உனக்கு ரோடுதான், இல்ல வயலுதான்.

இந்தப் பக்கம் பறக்க உன்னை விடவே மாட்டாங்க, வடக்கால மீனம்பாக்கம், மேற்கால தாம்பரம், தெக்கால கல்பாக்கம். ட்ரெய்லர்ல ஏத்தி எங்கயாவது தள்ளி எடுத்துக்கினுதான் போவணும். இருந்தாலும் ஒரு பேச்சுக்கு வெச்சுக்கோ. நம்ம தலைக்கு மேல ஆயிரம் அடியில நிக்குது. நல்லா ஓட்டினா ரெண்டரை கிலோமீட்டர் வழுக்கிக்கினு வரும். எங்க எறக்குவே? ஓ.எம்.ஆர்.ல டோல்கேட்டை எடுத்துட்டாங்க, சரி, ஆனா நடுவுல மெட்ரோ தூணு நட்டுட்டாங்க. தாழம்பூர் பக்கம் பாத்தா கேட்டட் கம்யூனிட்டி, படூர்ல காலேஜு. என் மூணு காணி இருந்துச்சு, ஏரிக்கு ஓரமா, பலகை மாதிரி சமமா, ஒரு கரன்ட்டு கம்பி கூடக் குறுக்க போவாது. அதை 2006ல வித்தேன். வாங்கினவன் பதினாலு மாடி கட்டினான். நீ எறங்க வேண்டிய வயல்லதான் தம்பி நீ குடியிருக்கே.

சிரிக்காதே, எனக்கும் காசு வந்துச்சு, பேத்தி படிக்குது.

சரி, கொட்டாய். வாடகை பேச நான் கூச்சப்பட மாட்டேன், ஆனா காசு வாணாம். அமெரிக்காவுல இந்த மாதிரி ப்ளேனுக்குப் பெரும்பாலும் மொத 40 மணி நேரம் சோதனை ஓட்டம், வேற ஆளை சும்மா ஏத்தக் கூடாதுன்னு வெச்சிருக்காங்களாம். நம்ம சர்க்காரு என்னா சொல்லுதோ, கேட்டுக்கினு வா. உன் வூட்டம்மா அதுல ஒக்காரவே மாட்டேன்னு நேத்து இதே திண்ணையில சத்தியம் பண்ணிட்டுப் போச்சு. அதனால ரெண்டாவது சீட்டு காலி. 41வது மணி எனக்கு. வேட்டி மேல பறக்காம இருக்க ஒரு பெல்ட்டு நல்லதா வாங்கி வை.

சாவி அந்த மாடத்துல இருக்குது. எடுக்கறதுக்கு முன்னாடி, தோ, அந்த நாற்காலிக் காலுக்கு ஒரு ஆணி அடிச்சுக் குடு. சுத்தி உள்ள இருக்குது. பாக்கலாம், உன் கை எப்படின்னு.